ஒரு நாளைக்குப் பத்துப் பேர்

எங்கள் அலுவலக வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவைப் பற்றி யாராவது, "அந்தப் படம் போடுற பைத்தியமா?" என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பைத்தியம் யார் என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

வேலையில் அடிபட்டுக் கையோ காலோ கண்ணோ பழுதானவர்கள் வந்து, 'இவருக்கு இன்ன குறை, இவ்வளவு குறை' என்று சான்றிதழ் வாங்கிப் போகும் அலுவலகம் அது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் அவர்களை லேசான வேலைக்கு மாற்றுவார்கள். கொடுக்க வேண்டியது மூன்று டாக்டர்கள் அடங்கிய குழு. வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை, குழு உட்கார வேண்டும். வேண்டும் என்றுதான் சொன்னேன், உட்காரும் என்று சொல்லவில்லை. கூடத்தில் நாற்பது இரும்பு நாற்காலிகள், எட்டெட்டாகச் சேர்த்து முடுக்கியவை. ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். கூரையில் ஒரு கேமரா உண்டு. அது கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு விவரங்களைக் கணினியில் அடிப்பது என் வேலை. வருகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டைக் கொடுத்து உட்காரவைப்பது அக்காவின் வேலை. சீட்டில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. வெளியே போகும்போது அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். சனிக்கிழமை பெட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுவார்கள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில்கூடப் படம் வரைந்தவர் இல்லை. அவர் வரைய ஆரம்பித்ததே ஓர் அவமானத்தில்தான். ஒருநாள் கூடத்தில் ஒரு பெண்ணின் கைப்பையை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸ்காரர் வந்து, "டோக்கன் வாங்கிட்டுத்தானே உள்ள வந்தான், ஆள் எப்படி இருந்தான்?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "மனுஷன் மாதிரிதான் இருந்தான் சார்" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் சொன்னார். "ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குச் சீட்டு குடுக்குறேன் தம்பி. ஒரு மூஞ்சி மனசுல நிக்கல. எனக்குக் கண்ணு எதுக்கு இருக்கு, மை வைக்கிறதுக்கா?"

மறுநாள் கோடு போடாத ஒரு நீள நோட்டும் நீலப் பேனாவும் வாங்கி வந்துவிட்டார். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். அதுதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு. கூட்டம் குறைந்த நேரத்திலும் சாப்பாட்டு வேளையிலும் வாசல் முக்காலியில் உட்கார்ந்தபடி வரைவார். பக்கத்தின் தலையில் தேதி இருக்கும், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் டோக்கன் எண் இருக்கும். போன மாதத்தைவிட இந்த மாதம் தேறியிருக்கிறதா என்று பார்க்கத் தேதி. அந்த ஆள் சீட்டைத் திருப்பிப் போட வரும்போது முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்க்க எண். "பென்சில்ல போடலாமே அக்கா, அழிச்சுக்கலாம்" என்றேன். "அழிக்க முடிஞ்சா அழிச்சிட்டேதான் இருப்பேன். தப்பு தப்பாவே நிக்கட்டும், அப்பதான் உறைக்கும்" என்றார்.

முதல் இரண்டு மாதம் படங்கள் சகிக்கவில்லை. யாரை வரைந்தாலும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரி இருந்தார்கள். வீட்டில், மிக்ஸி கிரைண்டர் பழுது பார்க்கும் அவர் கணவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நானா, நம்ம கேஸ் சிலிண்டரா?" என்று கேட்டாராம். "சிலிண்டர் வாய் பேசாது" என்று இவர் சொன்னாராம். நாத்தனார், "பேரன் எடுக்கிற வயசுல கிறுக்கல் நோட்டு வேற" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்துப் பேர் முடியாத நாளில் திரும்பிப் போகும் பஸ்ஸில் மிச்சத்தை முடிப்பார்.

மூன்றாம் மாதம் ஒருநாள் என் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். "தம்பி, கண்ணு தலைக்கு நடுவுல இருக்கு, தெரியுமா? நான் இத்தன நாளா நெத்தியில வச்சிட்டிருந்தேன். பேனாவ நீட்டி அளந்து பாத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு." அன்று சாயங்காலம் நானும் வீட்டுக் கண்ணாடி முன் நின்று சீப்பால் அளந்து பார்த்தேன். உண்மைதான். நாற்பது வருஷமாகச் சுமக்கிற தலை, எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் தேறிய வேகம் ஆச்சரியமானது. ஆட்கள் அசைகிறார்களே என்று முதலில் எரிச்சல்பட்டார். பிறகு ஒன்றைக் கண்டுகொண்டார். "காத்திருந்து அலுத்தவங்க திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் சாயுவாங்க. அசைஞ்சா விட்டுட்டு அடுத்த ஆளப் போடுவேன். இவரு பழைய மாதிரி சாஞ்சதும் விட்ட இடத்துலேர்ந்து போடுவேன்." கண்ணில் ஆரம்பிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஆரம்பித்தார். பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை முதல் கோட்டிலேயே பிடித்துவிட்டால் ஆள் பாதி வந்துவிடுவார் என்பார். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை உள்ள கை, முகவாயிலிருந்து நெற்றி உச்சி வரைக்கும் நீளம் என்று அளந்து வைத்திருந்தார். ஆனால் கைதான் அவருக்கு ரொம்ப நாள் வசப்படவில்லை. எங்கள் கூடத்துக் கைகள் அப்படிப்பட்டவை.

"இல்லாத விரல என் கை தானா போட்டுடுது தம்பி" என்று ஒருநாள் வருத்தப்பட்டார். "எதிர்ல மூணு விரல்தான் இருக்கு. நோட்டுல அஞ்சு வந்துடுது. அப்படின்னா நான் பாக்காம போடுறேன்னுதானே அர்த்தம்."

இப்படிப் பத்து மாதம் போயிற்று. அலமாரியில் எட்டு நோட்டுகள் சேர்ந்துவிட்டன.

இந்தப் பத்து மாதத்தில் எங்கள் கூடத்துக்கு வந்துபோனவர்களில் ஒரு லேத்துக்காரர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள். வலது கை இயந்திரத்தில் சிக்கிக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சியிருந்தன. குழுவின் முன் வரச் சொல்லி மூன்று முறை அவருக்குக் கடிதம் போனது. மூன்று முறையும் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். தூணை ஒட்டிய கடைசி நாற்காலியில், துண்டால் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். முதல் வியாழன், மூன்று டாக்டர்களில் ஒருவர் வரவில்லை, அதனால் குழு கூடவில்லை. இரண்டாவது முறை, பதினோரு மணிக்கே ஏதோ கூட்டம் என்று மூவரும் எழுந்து போனார்கள். மூன்றாவது முறை குழு அறையின் பூட்டையே யாரும் திறக்கவில்லை.

மூன்று நாளும் சாயங்காலம் எங்கள் அதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு குறிப்புச் சீட்டு வந்தது. பெயர்ப் பட்டியல், அதற்கு எதிரே, 'அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை.' இரண்டாவது முறை நான் எழுந்து போய்க் கேட்டேன். "சார், இவங்க எல்லாம் கூடத்துலதானே உக்காந்திருந்தாங்க?"

அதிகாரி நிமிராமலே சொன்னார். "குழு முன்னால வந்தாங்களா?"

"குழுவே இல்லையே சார்."

"அப்ப குழு முன்னால வரல. வரலைன்னா ஆஜர் இல்ல. இதுல உங்களுக்கு என்ன புரியல?"

குழு கூடவில்லை என்று எழுதினால் குழு பதில் சொல்ல வேண்டும். இவர்கள் வரவில்லை என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிந்தது. புரிந்தபடியே போய் உட்கார்ந்து அடித்தேன்.

மூன்று முறை வராதவரின் கோப்பை மூடிவிடலாம் என்பது விதி. மூடினார்கள். மூடிவிட்டோம் என்ற கடிதத்தை எடுத்துக்கொண்டு லேத்துக்காரர் என் கண்ணாடித் தடுப்புக்கு வந்தார். இடது கையால் கடிதத்தை நீட்டினார்.

"நான் வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கணினியைப் பார்த்தேன். விசைப்பலகையைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை. அக்கா முக்காலியிலிருந்து எழுந்து வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. கத்தவில்லை. மூக்கு நுனி மட்டும் வெளுத்துப்போனது.

"எந்தெந்தத் தேதி தம்பி?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அலமாரியைத் திறந்து நோட்டுகளைப் புரட்டினார். மூன்று தேதியிலும் லேத்துக்காரர் இருந்தார்.

நான் எதிர்பார்த்தது, அந்த மனிதர் சந்தோஷப்படுவார் என்று. அவர் முகம் கறுத்துவிட்டது.

"யாரக் கேட்டு என்னை வரைஞ்சீங்க?" என்றார். "இந்தக் கைய என் பொண்ணுகூடப் பாக்கக் கூடாதுன்னு துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன். நீங்க நோட்டுல போட்டு வச்சிருக்கீங்க. நான் என்ன காட்சிப் பொருளா?"

அக்கா அதை வாங்கிக்கொண்டார். "கேக்கல. கேட்டிருக்கணும். என் மேல தப்புதான்." நோட்டுகளை அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்க சொன்னா இந்த மூணு பக்கத்தையும் கிழிச்சு உங்க கையில குடுத்துடுறேன். இல்லன்னா இத வச்சு அவங்களோட சண்ட போடலாம். உங்க இஷ்டம்."

அவர் மூன்றாவது படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் துண்டு நழுவியிருந்தது. "சண்ட போடலாம்" என்றார்.

அக்கா நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. "பொம்மப் படத்தக் கொண்டாந்து ஆதாரம்னு சொல்றீங்களா?" என்று அதிகாரி சிரித்தார். அக்கா நகரவில்லை. சிரிப்பு நின்றது. "ஆபீஸ் நேரத்துல, ஆபீஸுக்கு வர்றவங்கள வரைஞ்சிருக்கீங்க. நோட்ட இங்க வச்சிட்டுப் போங்க."

"வைக்க மாட்டேன் சார். நோட்டு என் காசு, பேனா என் காசு. கண்ணு எங்கம்மா குடுத்தது."

மறுநாள் அக்காவுக்கு மெமோ. அதோடு சுவரில் ஓர் அறிவிப்பு: 'இவ்வளாகத்தினுள் படம் எடுப்பதும் வரைவதும் தடை செய்யப்பட்டுள்ளது.' பூட்டிய அறைக்குத் தடை இல்லை. வராத டாக்டருக்குத் தடை இல்லை. ஐம்பது வயதுப் பெண் கையிலுள்ள பேனாவுக்குத் தடை. அந்த அறிவிப்பையும் அடித்துக் கொடுத்தது நான்தான்.

லேத்துக்காரர் மேல்முறையீடு செய்தார். இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் விசாரணை வந்தது. விசாரித்தவர் ஓர் அம்மையார். ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோ இருந்தது, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். லேத்துக்காரர், அக்கா, எங்கள் அதிகாரி, கோப்பைச் சுமந்துபோன நான், மொத்தம் நாலு பேர் போயிருந்தோம்.

அம்மையார் முதல் தேதியின் படத்தைக் கேட்டார். அது அக்கா வரைய ஆரம்பித்த இரண்டாவது மாதத்துப் படம். கண் நெற்றியில் இருந்தது. தோள் எங்கேயோ, கழுத்து எங்கேயோ. எங்கள் அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு விரலால் தட்டினார்.

"மேடம், இந்தக் கையில அஞ்சு விரல் இருக்கு, எண்ணிப் பாருங்க. இவருக்கு ரெண்டு."

லேத்துக்காரர் துண்டை இறுக்கிக்கொண்டார். அம்மையார் அக்காவைப் பார்த்தார். அக்கா பொய் சொல்லியிருக்கலாம். கை வழுக்கிவிட்டது என்றோ, அது துண்டின் மடிப்பு என்றோ சொல்லியிருக்கலாம்.

"அது நான் பாக்காம போட்டதுங்க" என்றார். "ஆளு இவருதான். ஆனா அப்ப எனக்குப் பாக்கத் தெரியாது."

இரண்டாவது படத்தில் ஒல்லியான கழுத்து, ஒரு பக்கம் மட்டும் இறங்கிய தோள், காது மடலின் நுனியில் ஒரு வெட்டு, எல்லாம் இருந்தன. அம்மையார் கண்ணாடியைப் போட்டு லேத்துக்காரரின் காதைப் பார்த்தார். மூன்றாவது படத்தில் கட்டைவிரலும் சுண்டுவிரலும், நடுவில் தையல் போட்ட மேடும், பின்னால் குழு அறைக் கதவில் பூட்டும் இருந்தன.

"இது இவர்தான்" என்றார் அம்மையார்.

"நேத்து உக்காந்து போட்டிருக்கலாமே மேடம்" என்றார் அதிகாரி. "தேதி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

அம்மையார் முதல் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம் விடவில்லை. எட்டு நோட்டு. பாதியில் ஒருமுறை சிரித்தார், யாருடைய மீசையைப் பார்த்தோ. கடைசி நோட்டை மூடிவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"நேத்துப் போட்டிருந்தா எல்லாம் ஒரே மாதிரி நல்லா இருந்திருக்கும். இங்க கண்ணு மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி வருது. நாலாவது நோட்டுல கால் சரியாகுது, ஏழாவதுலதான் கை சரியாகுது. இந்தம்மா கத்துக்கிட்டது வரிசையா இருக்கு. ரெண்டாயிரத்துச் சொச்சம் படம். தெரிஞ்ச கையால தெரியாத மாதிரி இத்தனை படம் பொய்யா போட முடியும்னா, நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "ஆஜராகலைன்னு அடிச்சது யாரு?"

எழுந்து நின்றேன். "நான்தான் மேடம். எனக்கு வந்த குறிப்புச் சீட்டுல இருந்தத அடிச்சேன்."

அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. 'மூணு நாளும் இவர் கூடத்துல உக்காந்திருந்தத நான் என் கண்ணால பாத்தேன்.' நாக்கு நுனி வரை வந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லோருக்கும்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள். லேத்துக்காரருக்கு இல்லையா?

உத்தரவு வந்தது. இரண்டு நாள் வந்தது நிரூபணம், முதல் நாள் தெளிவில்லை. மூன்று முறை வராமல் இருந்தால்தான் கோப்பை மூடலாம், எனவே திறக்க வேண்டும். குழு அடுத்த வியாழனே கூடியது. மூன்று டாக்டர்களும் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். முடியாது என்றெல்லாம் ஒன்றும் இல்லை, வர முடியும், அன்றைக்கு அதையும் பார்த்தோம். லேத்துக்காரருக்குச் சான்றிதழ் கிடைத்தது. தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். ஆனால் கோப்பில் ஒரு 'ஆஜராகவில்லை' அப்படியே நிற்கிறது. "நான் ஒரு நாளும் தவறினதில்லையே" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதிகாரியிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். அவ்வளவுதான். அக்காவை மட்டும் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் கிடையாது, மனித முகம் கிடையாது. வாசலில் பொத்தானை அழுத்தினால் சீட்டுத் துப்பும் இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். அது யாரையும் பார்க்காது என்பதுதான் அதன் தகுதி.

அக்கா என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. நியாயம்தான். வரைவதை மட்டும் நிறுத்தவில்லை. காலையில் அரைமணி முன்னதாகக் கிளம்பிப் பஸ் நிறுத்தத்தில் வரைந்தார். இப்போதெல்லாம் முதலில் கேட்கிறார். "உங்கள வரையலாமா?" பாதிப் பேர் மாட்டேன் என்கிறார்கள். சரி என்கிறவர்கள் உடனே நெஞ்சை நிமிர்த்திச் சிரிக்கிறார்கள், படம் கெட்டுப்போகிறது. அவர்கள் மறந்து பழையபடி சாயும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் முடிய முன்பைப் போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறதாம்.

நாலாவது வாரம் நான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். அக்கா ஏறிட்டுப் பார்த்தார். "இன்னிக்கு ஒம்போதுதான் ஆச்சு. உங்கள வரையலாமா?" என்றார். உட்கார்ந்தேன். அவர் பேச்சுக் கொடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் நோட்டைத் திருப்பிக் காட்டினார். தோள் குறுகி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, பார்வை மேஜைக் காலில் நிற்க, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"பாத்தத போட்டேன்."

கோபம் வந்தது. அக்காவின் மேல் இல்லை. அந்தக் கோபத்தோடேயே ஒரு தாள் வாங்கி அங்கேயே எழுதினேன். முதல் வியாழக்கிழமையும் லேத்துக்காரர் கூடத்தில் இருந்தார், குழுதான் கூடவில்லை, தெரிந்தே அப்படி அடித்தேன், அன்று விசாரணையில் சொல்லாமல் விட்டதும் நானே. கீழே பெயரும் கையெழுத்தும் போட்டேன். அக்கா படித்துப் பார்த்து, தேதியில் ஒரு தப்பைத் திருத்தச் சொன்னார்.

அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. அடுத்த வியாழன் லேத்துக்காரர், அக்கா, நான், மூவரும் அங்கே நேரிலேயே போவதாக இருக்கிறோம். விடுப்பும் கேட்டாயிற்று. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேல் குமாஸ்தா கேட்டார். சாட்சி சொல்லப் போகிறேன் என்று எழுதச் சொன்னேன்.